மூக்கொழுகும் பிள்ளைகளும் கொரோனாவும்

2021 மே மாதம் பட்ட பாடு ஜூனில் சற்றே ஓய்ந்தபோது அடுத்த பேச்சு கிளம்பிவிட்டது. மூன்றாவது அலை வரப்போகிறது, அது பிள்ளைகளைத்தான் பிடிக்கும் என்று. குமரி மாவட்டத்தில் வடசேரிச் சந்தையிலும் மார்த்தாண்டம் பேருந்து நிலையத்திலும் இதைச் சொல்லாத ஆளில்லை. தொலைக்காட்சியில் அதற்குக் கணக்கும் சொன்னார்கள்: முதல் அலை முதியவர்களை எடுத்தது, இரண்டாவது நடுவயதுக்காரர்களை எடுத்தது, மிச்சமிருப்பது தடுப்பூசி போடாத பிள்ளைகள்தானே? கேட்க நியாயமாகத்தான் பட்டது. தமிழ்நாடெங்கும் அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கெனத் தனிப் படுக்கைகள் தயாராயின. முன்னேற்பாட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தப்பு, அந்தக் கணக்கில்தான்.

அதே ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் 70 மாவட்டங்களில் மக்களின் ரத்தத்தை எடுத்து, கொரோனாவுக்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்தது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்கள். குமரி அந்தப் பட்டியலில் இல்லை. ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேரிடமும், 10 முதல் 17 வயதில் 61.6 சதவீதம் பேரிடமும் எதிர்ப்பொருள் இருந்தது. 18 முதல் 44 வயதுக்காரர்களில் அது 66.7 சதவீதம். பெரியவர்களில் ஒரு பகுதியினருக்கு அது தடுப்பூசியால் வந்தது. பிள்ளைகளுக்கு அப்போது தடுப்பூசியே கிடையாது. அவ்வளவும் தொற்றால் வந்தது. அவர்களோ 2020 மார்ச் முதல் பெரும்பாலும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள். ஆக, வைரஸ் பிள்ளைகளை விட்டுவைக்கவில்லை. வீட்டுப் பெரியவர்கள் வழியாக வந்து, பாதிக்கு மேற்பட்டவர்களைத் தொட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் போயும்விட்டது. இரண்டு நாள் தடுமன், ஒரு நாள் காய்ச்சல், கொஞ்சம் வயிற்றோட்டம் என்று அம்மாமார்கள் மறந்துபோன ஏதோ ஒன்றில் அது கழிந்திருக்கும்.

இதற்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து ஒரு தெளிவான சேதி வந்திருந்தது. தொற்று உறுதியானவர்களின் தொடர்பாளர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்த சுகாதாரப் பணியாளர்களின் பதிவேடுகளை வைத்து, ரமணன் லட்சுமிநாராயணனும் தமிழக, ஆந்திர அரசுகளைச் சேர்ந்தவர்களும் எழுதிய ஆய்வு, 2020 செப்டம்பர் 30 அன்று 'சயின்ஸ்' இதழில் வெளியானது. 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேர். அப்போது உலகில் இந்த அளவில் வேறு எவரும் தொடர்பாளர்களைப் பின்தொடர்ந்து எழுதியிருக்கவில்லை. பிள்ளைகளுக்கு, குறிப்பாகத் தங்கள் வயதொத்த பிள்ளைகளிடமிருந்து, தொற்று நன்றாகவே பரவியது என்று அதில் தெரிந்தது. மரணத்தில்தான் வித்தியாசம். தொற்று உறுதியானவர்களில் 5 முதல் 17 வயதினர் இறந்தது 0.05 சதவீதம், 85 வயதைத் தாண்டியவர்களில் 16.6 சதவீதம். முந்நூறு மடங்குக்கு மேல். அந்த ஆய்வு வெளியாவதற்கு ஒரு மாதம் முன்னால்தான், ஆகஸ்ட் 28 அன்று, கன்னியாகுமரித் தொகுதி எம்.பி. எச்.வசந்தகுமார் 70 வயதில் கோவிட்டால் சென்னையில் காலமானார்.

சாதாரணமாக நாம் சொல்லிப் பழகியது நேர்மாறானது. பிஞ்சு உடம்பு, தாங்காது என்போம். ஃபுளூவும் ஆர்எஸ்வி என்ற நுரையீரல் வைரஸும் சின்னக் குழந்தைகளைத்தான் படுக்கப் போடுகின்றன. அப்படியிருக்கக் கொரோனா மட்டும் ஏன் தலைகீழாக நடந்துகொண்டது?

முதலில் வந்த ஊகம், வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் பிள்ளைகளின் மூக்கில் குறைவு என்பது. நியூயார்க்கில் எடுத்த மாதிரிகளில் அப்படித்தான் தெரிந்தது; பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மேலும், ஒட்டிக்கொள்ள இடம் குறைவென்றால் தொற்றே குறைய வேண்டும். பாதிப் பிள்ளைகளுக்குத் தொற்று வந்துவிட்டதே.

இரண்டாவது ஊகம் இன்னும் சுவையானது. வெறும் சளி தரும் கொரோனா வைரஸ்கள் நான்கு ஏற்கெனவே நம்மிடையே சுற்றிக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளுக்கு அவை அடிக்கடி வரும். அந்தப் பழக்கம் புதிய கொரோனாவுக்கும் உதவியிருக்கலாம் அல்லவா? லண்டன் கிரிக் நிறுவனத்தார் பெருந்தொற்றுக்கு முன்பே சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். புதிய வைரஸோடு ஒட்டக்கூடிய எதிர்ப்பொருள்கள், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம்தான் மிக அதிகமாக இருந்தன. ஆனால் அப்படிப்பட்ட எதிர்ப்பொருள் இருந்ததால் தொற்றோ நோயோ குறைந்தது என்று பிற்பாடு பெரிய அளவில் பார்த்தவர்களால் காட்ட முடியவில்லை. ஊகத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. அதை நம்பி நிற்கவும் முடியாது.

விடை மூக்கிலேயே வேறு வடிவத்தில் இருந்தது. பெர்லின் சாரிட்டே மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 42 குழந்தைகள், 44 பெரியவர்களின் மூக்கிலிருந்து குச்சியால் வழித்தெடுத்த செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செல்கள். ஒவ்வொன்றிலும் எந்தெந்த மரபணு இயங்குகிறது என்று படித்தார்கள். 2021-இல் வெளிவந்த அந்த முடிவைப் புரிந்துகொள்ள, ஒரே ஒரு மூக்குச் செல்லுக்குள் முதல் சில மணி நேரம் என்ன நடக்கிறது என்று கிட்ட நின்று பார்க்க வேண்டும்.

மூக்கின் உள்தோலில் மெல்லிய மயிரிழைகளை அசைத்துக்கொண்டிருக்கும் ஒரு செல். வைரஸ் அதில் ஒட்டி உள்ளே புகுந்து தன் ஆர்என்ஏ இழையைக் கொட்டுகிறது. செல்லின் சொந்த இயந்திரங்களே அந்த இழையைப் படித்து வைரஸின் புரதங்களைச் செய்யத் தொடங்கிவிடும். செல்லுக்கு அயலான், உறவுக்காரன் பேதம் தெரியாது. பேதம் பார்ப்பதற்கென்றே சில புரதங்கள் செல்லுக்குள் அலைகின்றன. ரிக்-ஐ, எம்டிஏ5 என்று அவற்றுக்குப் பெயர். வைரஸ் பெருகும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்என்ஏவை அவை தடவிப் பார்த்து, இது நம்முடையதல்ல என்று கண்டுகொள்ளும். கண்டதும் செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் செய்து வெளியே விடுகிறது. 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டறிந்த பொருள் இது. பக்கத்துச் செல்கள் அதை வாங்கிக்கொண்டு, வைரஸ் வந்தாலும் பெருக முடியாதபடி தங்கள் உள் வேலைகளை மாற்றிக்கொள்கின்றன. கிருமியோடு சண்டை என்று எதுவும் இந்தக் கட்டத்தில் இல்லை.

கொரோனா வைரஸின் பெரிய சாமர்த்தியம் இந்த இடத்தில்தான். அதன் புரதங்களில் சில, இன்டர்ஃபெரான் சேதி கிளம்பாமல் அமுக்குவதற்கென்றே இருப்பவை. எனவே எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. செல் முந்தினால் வைரஸ் மூக்கோடு நின்றுவிடும். வைரஸ் முந்தினால் ஓரிரு நாள் சத்தமில்லாமல் பெருகி நுரையீரலுக்கு இறங்கிவிடும்.

பெர்லின் குழு கண்டது இதுதான்: தொற்றே இல்லாத, நல்ல சுகத்தோடு இருந்த பிள்ளைகளின் மூக்குச் செல்களில்கூட ரிக்-ஐயும் எம்டிஏ5-உம் ஏற்கெனவே கூடுதலாக இருந்தன. பெரியவர்களின் செல்களில் அவை மிகக் குறைவு. தொற்று வந்த பிறகே கூடின. போதாததற்கு, பெரியவர்களின் மூக்கில் காணக் கிடைக்காத நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் பிள்ளைகளின் மூக்கில் சும்மாவே உலாத்திக்கொண்டிருந்தன. களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் இரவும் பகலும் ஆள் நிற்பதற்கும், லாரி தாண்டிப் போனபிறகு வீட்டில் தூங்குகிறவரை எழுப்பிக் கூட்டி வருவதற்கும் உள்ள வித்தியாசம். லண்டனில் குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒப்பிட்ட இன்னொரு குழுவும் அதே ஆண்டு ஏறக்குறைய இதையே சொன்னது. பிள்ளைகளில் பதிலடி மூக்கிலும் தொண்டையிலும் நடக்கிறது, பெரியவர்களில் அது ரத்தமெங்கும் பரவி நடக்கிறது என்று.

சரி, பிள்ளைகளின் மூக்கு ஏன் எப்போதும் விழித்திருக்கிறது? வயதின் இயல்பு என்றுதான் முதலில் நினைத்தார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலன் ஃபாக்ஸ்மன் குழு 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மூக்கு மாதிரிகளை எடுத்து, கொரோனாவுக்கு மட்டுமின்றி வேறு வைரஸ்களுக்கும் பாக்டீரியாக்களுக்கும் சேர்த்துச் சோதித்து 2024-இல் வெளியிட்டது. காய்ச்சலோ சளியோ எதுவும் தெரியாத பிள்ளைகள் பலரிடமும் ஏதோ ஒரு கிருமி இருந்தது. கிருமி அதிகம் இருந்த மூக்கில் விழிப்பும் அதிகம். ஒரு வயதுக் குழந்தையை இன்று பார்த்துவிட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டுமே மாறியிருந்தன. கிருமி போன மூக்கில் விழிப்பு தணிந்திருந்தது, புதிதாக வந்த மூக்கில் கூடியிருந்தது. வயது மட்டுமே காரணமென்றால் இரண்டு வாரத்தில் இப்படி ஏறி இறங்காது.

குமரி மாவட்டத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் பெய்கிற ஊர். ஜூனில் பள்ளி திறந்தால் டிசம்பர் வரை அங்கன்வாடியில் ஒழுகாத மூக்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும். "இந்தப் பிள்ளைக்கு எப்பவும் சளியாவே இருக்கு, உடம்புல சத்தே இல்ல" என்று டாக்டர் முன்னால் புலம்புகிற தாய்மாருக்கு இது ஒரு ஆறுதல். அந்த ஒழுகல் பலவீனத்தின் அடையாளமல்ல. அதற்காகத் தடுமன் பிடிக்கட்டும் என்று விட்டுவிடவும் வேண்டாம். மூச்சிரைப்புள்ள பிள்ளைக்கு அதே தடுமன் ஆபத்து.

இது கதையில் பாதி. மீதிப் பாதி பெரியவர்களின் உடம்பில் இருக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி உண்டு. டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் முதிர்வது அங்கேதான். குழந்தைக்கு உடல் அளவோடு ஒப்பிட்டால் அது பெரியது. பருவம் எய்திய பிறகு சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடும். எனவே பிள்ளைகளின் ரத்தத்தில் எதையும் இன்னும் சந்திக்காத புது டி செல்கள் ஏராளம். வயதானவர்களின் ரத்தத்தில் பழைய நோய்களின் நினைவைச் சுமக்கும் டி செல்கள் ஏராளம், புதியவை குறைவு. பழைய எதிரி திரும்பி வந்தால் வயதானவருக்கே லாபம். 2020-இல் வந்தவனோ எல்லோருக்கும் புதியவன். நினைவு உதவவில்லை, புதியவனைக் கையாளும் ஆட்களும் குறைவு. கோவிட் மட்டுமல்ல, அம்மை போட்டால் சிறுவன் வேப்பிலைப் படுக்கையில் விளையாடிக்கொண்டிருப்பான், நாற்பது வயதில் முதன்முறை அம்மை போட்டவருக்கு நிமோனியா வரக்கூடும். மஞ்சள் காமாலை ஏ வகையும், பொன்னுக்கு வீங்கியும் அப்படித்தான்.

கோவிட்டில் கடுமையாக நோயுற்ற பெரியவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத் தன் இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள் தன் ரத்தத்திலேயே இருந்தது என்பதும் 2020-இல் தெரிய வந்தது. பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் முதியவர்கள். எழுபது வயதைக் கடந்தால் தொற்றுக்கு முன்பே இத்தகைய எதிர்ப்பொருள் ஏறக்குறைய நூற்றுக்கு நாலு பேரிடம் இருக்கிறது. கோவிட் நிமோனியாவால் மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, இன்டர்ஃபெரான் வேலையில் பிறவியிலேயே குறை இருந்தது. வயதில் இரு கோடியிலும் ஒரே இடத்தில்தான் ஓட்டை.

எதிர்ப்பொருள் விஷயத்தில் பிள்ளைகள் அப்படியொன்றும் வீரர்கள் அல்ல. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டோனா ஃபார்பர் குழு பார்த்தபோது, குழந்தைகளிடம் எதிர்ப்பொருள் பெரியவர்களைவிடக் குறைவாகவும், வகையில் எளிமையாகவும் இருந்தது. வைரஸின் வெளிமுள்ளான ஸ்பைக் புரதத்துக்கு எதிரானது இருந்தது. உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரானது மிகக் குறைவு. செல்கள் உடைந்து சிதறினால்தான் உள்ளிருக்கும் புரதம் அவ்வளவு வெளிவரும். மூக்கோடு தீர்ந்துபோன தொற்றில் அந்தச் சிதறல் நடக்கவில்லை என்று கொள்ளலாம். கைக்குழந்தைகளிடம் 2023-இல் இன்னொரு வியப்பு: சின்சினாட்டியில் பிறந்தது முதல் பின்தொடரப்பட்ட குழந்தைகளுக்குத் தொற்றுக்குப் பின் எதிர்ப்பொருள் 300 நாள் வரை குறையாமல் நின்றது; பெரியவர்களுக்கு அது சில மாதங்களில் சரியும். ஆனால் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக மருத்துவமனை போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவ்வளவு சொல்லியும், சில பிள்ளைகள் உயிருக்குப் போராடினார்கள். அவர்களில் பலரை அந்த நிலைக்குக் கொண்டுபோனது வைரஸ் நேரடியாக அல்ல.

2020 ஏப்ரல் கடைசியில் பிரிட்டனின் மருத்துவர்களுக்கு ஒரு எச்சரிக்கை போனது. கோவிட் வந்துபோன சில வாரங்களில் பிள்ளைகளுக்கு விடாத காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு, வயிற்றுவலி, பிறகு ரத்த அழுத்தம் சரிந்து இதயம் தளர்வது. கொஞ்ச நாளிலேயே சென்னையிலும் அதே படம். நுங்கம்பாக்கம் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையில் மே முதல் ஜூலை வரை 19 குழந்தைகள் வந்தார்கள். அவர்களைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் எழுதியது இந்தியாவின் முதல் பதிவுகளில் ஒன்று. சிவந்த உதடும் ஸ்ட்ராபெரி போன்ற நாக்கும் உரியும் விரல்நுனியும், டோக்கியோவில் தோமிசாகு கவாசாகி 1961-இல் முதன்முதலில் கவனித்த நோயை நினைவூட்டின. அந்தக் கவாசாகி தன் 95-ஆம் வயதில் 2020 ஜூனில் காலமானார். தன் பெயருள்ள நோயின் நிழலில் உலகம் இன்னொரு நோயைத் தேடிக்கொண்டிருந்த வேளை அது.

எம்ஐஎஸ்-சி என்று அழைக்கப்படும் இந்தப் பல்லுறுப்பு அழற்சி, தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து வருகிறது. மூக்கில் பெரும்பாலும் வைரஸ் இருக்காது, பிசிஆர் சோதனை இல்லை என்று சொல்லும். அமெரிக்கக் கணக்குப்படி ஆரம்ப காலத்தில் ஏறக்குறைய மூவாயிரம் தொற்றுக்கு ஒன்று. ஒமிக்ரானுக்குப் பின் மிகவும் குறைந்துவிட்டது. காரணம் பற்றி 2024-இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த ஆய்வுதான் எனக்கு மிகவும் கவனிக்கத் தக்கதாகப் படுகிறது. கொரோனாவின் நியூக்ளியோகேப்சிட் புரதத்தின் ஒரு சிறு துண்டும், நம் உடம்பிலேயே உள்ள எஸ்என்எக்ஸ்8 என்ற புரதத்தின் ஒரு துண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. எம்ஐஎஸ்-சி வந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினரிடம், இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. எஸ்என்எக்ஸ்8 நோயெதிர்ப்பு வேலையோடு தொடர்புள்ள புரதம். மீதி இரண்டு பங்கினருக்கு என்ன என்பதில் வேறு விளக்கங்கள் உண்டு.

சிகிச்சையைப் பாருங்கள், விஷயம் விளங்கும். ஸ்டீராய்டும், பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினும் நரம்பு வழியே கொடுக்கிறார்கள். இரண்டும் நோயெதிர்ப்பை அடக்கவும் நெறிப்படுத்தவும் கொடுப்பவை. அந்தச் சென்னைப் பிள்ளைகள் 19 பேரும் பிழைத்தார்கள். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் அடிக்கிற பிள்ளைக்குக் கண்ணும் சிவந்து உடம்பில் தடிப்பும் கண்டால், ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்கோ திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கோ அன்றைக்கே தூக்கிப் போக வேண்டும். இரண்டு நாள் தாமதம் இதயத்தில் தெரியும்.

இந்த இடத்தில் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' பாட்டில்களைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்துக்கடை அலமாரியில் கண்ணுக்கு நேர் வரிசையில் அவைதான். எதைக் கூட்டுவார்கள்? மூக்கின் ரிக்-ஐயையா, புதிய டி செல்களையா, எதிர்ப்பொருளையா? இவற்றில் ஒன்று கூடினால் நல்லது, மற்றொன்று தவறிக் கூடினால் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிறந்ததும் கையில் குத்துகிற பிசிஜி ஊசிகூடப் பொதுவான விழிப்பைத் தூண்டிக் கோவிட்டைத் தடுக்கும் என்று நம்பினார்கள். சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முதியோருக்குப் போட்டுப் பார்த்தது. பல நாட்டு மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2023-இல் வந்தபோது, பிசிஜியால் கோவிட் குறையவில்லை என்று தெரிந்தது. இவ்வளவு பழைய, சோதிக்கப்பட்ட ஊசிக்கே அதுதான் கதி என்றால் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தடுப்பூசி 15 முதல் 18 வயதினருக்கு 2022 ஜனவரி 3 அன்றும், 12 முதல் 14 வயதினருக்கு மார்ச் 16 அன்றும் தொடங்கியது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு நாடு தழுவிப் போடப்படவில்லை. அவர்கள் வைரஸை நேரடியாகவே சந்தித்தார்கள், இனியும் சந்திப்பார்கள். 2021 ஜனவரியில் ஜென்னி லவைன் குழு கணித மாதிரி ஒன்றால் காட்டியது இதைத்தான்: எல்லோரும் முதல் தொற்றைச் சிறு வயதிலேயே வாங்கிக்கொள்ளும் நிலை வந்தால், கோவிட் மற்ற நான்கு கொரோனாக்களைப் போல ஒரு தடுமனாகத் தேய்ந்துவிடும். ஏறக்குறைய அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

அந்த மாதிரியில் ஒரு நிபந்தனை உண்டு, அதை மறந்தால் அடுத்த முறை ஏமாறுவோம். முதல் தொற்று பிள்ளைகளுக்கு லேசாக இருக்க வேண்டும். எல்லாப் புது வைரஸும் அப்படியில்லை. பக்கத்து மாநிலத்தில் 2021 செப்டம்பரில் கோழிக்கோட்டிலும், 2024 ஜூலையில் மலப்புறத்திலும் நிபா வைரஸுக்கு முறையே 12 வயதிலும் 14 வயதிலும் பிள்ளைகள் பலியானார்கள். நிபா மூக்கோடு நிற்கிற வைரஸ் அல்ல, மூளைக்குப் போகிறது.